தெருமுனைக் காப்பிக்கடை: ஒரு குவளையும் ஒரு பலகையும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய வட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மன்றங்களிலிருந்தும் மாநாடுகளிலிருந்தும் தொடங்குவர். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை யாவும் ஏட்டில் ஏறும். கூட்டம் முடிந்தபின் நான்கைந்து பேர் தெருமுனைக்கு நடந்து சென்று, ஒரு சிறிய காப்பிக்கடையின் வாசலில் நின்றபடி, மேடையில் சொல்லாமல் விட்டதைச் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஒரு கவிதை நன்றாக அமையவில்லை என்பதை மேடையில் எவரும் உரைப்பதில்லை; காப்பிக்கடையில்தான் உரைக்கிறார்கள். கேட்ட கவிஞர் முகம் வாடினாலும், எல்லார்க்குமாகக் காசைக் கொடுத்துவிட்டு மறுவாரம் திருத்திய படியோடு வந்து நிற்பதும் உண்டு.

ஆதலின், ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் வேளையில் அந்தக் கடையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஆயின், அதைப் புகழ்வது மட்டும் போதாது. அந்தக் கடை எதைத் தருவதாகச் சொன்னது, அதை யாருக்குத் தந்தது, யாருக்கு நெடுங்காலம் மறுத்தது என்னும் கேள்விகளையும் கேட்டாக வேண்டும். காப்பியின் மணத்தை எழுதிய பேனாக்கள் பல. அந்தக் கடையின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவரை எழுதிய பேனாக்கள் சில. இவ்வுரையின் கவலை அந்தக் கணக்கைப் பற்றியது.

விடியற்காலைக் கடை

தஞ்சைத் தரணியின் சிறு நகரம் ஒன்றாக இருக்கலாம். சென்னைத் திருவல்லிக்கேணியின் சந்து ஒன்றாக இருக்கலாம். கடையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அகலம் பத்தடி இருந்தால் மிகுதி. முன்புறம் அடுப்பும் பால் காயும் அகன்ற பாத்திரமும், பக்கத்தில் கல்லாப்பெட்டி, உள்ளே இரண்டு மேசைகள், அங்கே இடம் கிடைக்காதவர்க்கு வாசலில் ஒரு நீண்ட மரப்பலகை. பொழுது புலருமுன்பே வாசல் தெளிக்கப்படும். சுவரிலுள்ள சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, முதற் குவளையைப் படத்தின் முன் வைத்த பிறகே வியாபாரம் தொடங்கும்.

நல்ல காப்பியின் நுட்பம் பெரும்பாலும் பொறுமையில் அடங்கியிருக்கிறது. வறுத்து அரைத்த தூளை வடிகட்டியின் மேலடுக்கில் இட்டு, துளைத்தட்டால் இலேசாக அமுக்கி, கொதிநீரை ஊற்றி மூடிவிட வேண்டும். அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். நீர் தூளினூடே இறங்கிச் சொட்டுச் சொட்டாகக் கீழடுக்கில் சேரும். தூளை அதிகம் அமுக்கினால் இறங்காது. அமுக்காமல் விட்டால் நீர்த்துப்போகும். கூட்டம் மிகுந்த கடைகளில் துணிப்பையில் வடிப்பதும் உண்டு. கெட்டியான முதல் வடிப்பைக் 'கள்ளிச்சொட்டு' என்று சொல்லும் வழக்கு இருக்கிறது. கள்ளியைக் கீறினால் திரண்டு துளிக்கும் பாலை உவமையாகக் கொண்ட சொல் அது. அதை ஆக்கிய கவிஞர் யாரென்று எவரும் அறியார். அடுப்படியில் நின்ற ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தூளில் சிக்கரி சேர்ப்பதும் நெடுநாள் வழக்கம். சிக்கரி காப்பியின் இனமன்று. ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். நிறமும் கெட்டித்தன்மையும் கூடும், விலையும் குறையும். கலவைத் தூளில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது என்று உணவுச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. 'டிகிரி காப்பி' என்னும் புகழ்பெற்ற தொடருக்கும் பல விளக்கங்கள் உண்டு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியின் அளவைத்தான் 'டிகிரி' என்றார்கள் என்பது அவற்றுள் ஒன்று. தண்ணீர் கலவாத பாலுக்கு ஒரு பட்டமே கொடுக்க வேண்டியிருந்தது என்றால், கலந்த பால் எவ்வளவு பெருகியிருந்தது என்பதும் விளங்கும்.

மாஸ்டர் சர்க்கரை இட்டு, வடிப்பை ஊற்றி, பாலைச் சேர்த்து, டபராவுக்கும் தம்ளருக்கும் இடையே ஒரு முழம் உயர்த்தி ஆற்றுகிறார். “ஸ்ட்ராங்கா ஒண்ணு, சர்க்கரை கம்மியா ரெண்டு” என்று குரல்கள் எழுகின்றன. வாடிக்கைக்காரர் வாய் திறக்க வேண்டியதில்லை. முகத்தைக் கண்டதும் அவருக்குரிய அளவு மாஸ்டரின் கைக்கு நினைவு வரும். கோயிலுக்குப் போகிறவர், பூக்கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகிய யாவரும் அந்தப் பலகையைக் கடந்தே போகிறார்கள். ஒரு நாளிதழ் நான்கு தாள்களாகப் பிரிந்து நான்கு கைகளில் உலவுகிறது. முதற்பக்கம் ஒருவரிடம், அதன் தொடர்ச்சி இன்னொருவரிடம். ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்னும் பலகை சுவரில் தொங்க, அதன் கீழேதான் ஆட்சிகள் அன்றாடம் கவிழ்க்கப்படுகின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு நாள் கழித்து வருகிறார் என்று கொள்ளலாம்.

“என்ன சார், ரெண்டு நாளா ஆளைக் காணோம்?”

“கால் வீக்கம் மாஸ்டர். மாடிப்படி இறங்க முடியலே.”

“பையன்கிட்ட சொல்லியனுப்பக் கூடாதா சார்? தூக்குல குடுத்து விட்டிருப்பேனே.”

இவ்வளவுதான் உரையாடல். ஆனால், மனைவியை இழந்து, மக்கள் வெளியூரில் வாழ, தனியே இருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு நாளில் தம் இன்மையை உணர்ந்தோர் உலகில் உண்டென்று காட்டியது அந்தக் கேள்வி ஒன்றுதான். காப்பிக்கடை காப்பியை மட்டும் விற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

விருந்தும் விலையும்

தமிழர் மரபில் உணவு விற்பனைப் பொருளாக இருப்பதற்கு முன் அறமாக இருந்தது. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பலுக்கு உரியது. வழிப்போக்கர்க்குச் சத்திரங்களும் சாவடிகளும் எழுந்தன. அதே வேளையில் விற்பனையும் இல்லாமற் போகவில்லை. மதுரைக்காஞ்சி பாடும் மாநகரில் பகல் அங்காடியும் இரவு அங்காடியும் இருந்தன. தின்பண்டம் விற்போர் அங்கே உண்டு.

விருந்து உயர்ந்த அறந்தான். எனினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுத் திண்ணையில் ஏறுகிறவரை 'யார், எந்த ஊர், யார் மகன்' என்று வீட்டார் கேட்பார்கள். அந்த விடையைப் பொறுத்தே அவர் திண்ணையில் இருப்பாரா, கூடத்துக்கு வருவாரா, வாசலோடு அனுப்பப்படுவாரா என்பது தீர்மானமாகும். விருந்தினர் நன்றிக்கடனும் பட்டவராகிறார். உண்ட வீட்டைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை.

காப்பிக்கடை இந்த இரண்டையும் நீக்க வந்தது. காசு கொடுத்தவர் குவளையைப் பெறுகிறார். குவளை காலியானதும் கணக்கு முடிந்தது. காப்பி கசந்தால் கசப்பென்று சொல்லலாம். யார் மகன் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டுவதில்லை. ஒரு குவளையின் விலைக்கு, ஒரு பலகையில், அரை மணி நேரம், எவரோ ஒருவராக அமர்ந்திருக்கும் உரிமை கிடைக்கிறது. வீட்டில் தனியறை இல்லாத கவிஞர்க்கு இந்த உரிமையின் அருமை தெரியும். எழுதுவதற்கு மேசையும், படித்துக் காட்டுவதற்கு ஒரு செவியும் கிடைத்த இடம் அது. 'காப்பிக்கடை அரட்டை' என்று இகழப்பட்டது, பல வேளைகளில் திறனாய்வின் முதல் வடிவமாக இருந்திருக்கிறது.

ஆனால், இந்த உரிமை எல்லார்க்கும் திறந்திருந்ததா? இங்கேதான் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காப்பி வந்த வழி

பாபா புடன் என்னும் இசுலாமியப் பெரியார் யெமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது பதினேழாம் நூற்றாண்டைப் பற்றிய செவிவழி மரபு. அவர் பெயரையே அந்த மலைத்தொடர் தாங்கி நிற்கிறது. பெருந்தோட்டப் பயிராகக் காப்பி பரவியது ஆங்கிலேயர் காலத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் குடகிலும் காப்பித் தோட்டங்கள் எழுந்தன.

கடலுக்கு அப்பால் இலங்கையின் மலைநாட்டிலும் காப்பிதான் முதலில் பயிராயிற்று. அங்கே பழம் பறிக்கத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கூட்டங் கூட்டமாகச் சென்றார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். காய்ச்சலும் பேதியும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. 1869-ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் அங்கே தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கைகள் மட்டும் மாறவில்லை. காப்பி பறித்தவர்களின் வழிவந்தோரே கொழுந்தும் பறித்தார்கள்.

தமிழ்நாட்டு நகரங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி நடுத்தர வகுப்பினரின் வழக்கமாயிற்று. காலையில் நீராகாரம் இருந்த இடத்தில் காப்பி வந்து அமர்ந்தது. உடலுக்குக் கேடு, பண்பாட்டுக்குக் கேடு என்று எழுந்த கண்டனங்களையும் மீறி அது வென்றது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காப்பி உயர்ந்தோர்க்கும் தேநீர் உழைப்போர்க்கும் அடையாளமாகிப்போன கதையும் அதில் உண்டு.

தனித்தமிழ் அன்பர்கள் காப்பிக்குக் 'குளம்பி' என்று பெயர் சூட்டினார்கள். மேடையிலும் ஏட்டிலும் அச்சொல் வாழ்கிறது. கடைப்பலகைக்கு அது வந்து சேரவில்லை. 'தேநீர்' மட்டும் எளிதாக வேரூன்றியது. கடைப்பலகைகளிலேயே அதைக் காணலாம். சொல்லை ஆக்குவது புலவர். அதை வாழவைப்பது கடையில் நின்று கேட்பவர். கவிஞர்க்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

மூடியிருந்த கதவு

சாமி படத்துக்கு முன் வைத்த குவளையைப் போலவே, கடையின் பெயர்ப்பலகையிலும் ஒரு செய்தி இருந்தது. 'பிராமணாள் காப்பி ஹோட்டல்' என்னும் எழுத்துகள் அந்நாளில் ஊர்தோறும் காணப்பட்டன. சமைப்பவர் யார் என்பதை அறிவிப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், உண்பவர் யார் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அது அறிவித்தது. தனியிடம் பிரித்த கடைகள் உண்டு. சிலரை உள்ளேயே விடாத கடைகள் உண்டு.

கற்றோரும் இதற்கு விலக்கல்லர். வ.வே.சு. ஐயர் தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி. குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்கு உழைத்தவர். அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் தனியே உண்ண இடங்கொடுத்தது 1924–25-ஆம் ஆண்டுகளில் பெரும் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. இலக்கிய மேன்மை மட்டும் ஒருவரைப் பந்தி வேற்றுமையிலிருந்து காத்துவிடுவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி நீங்காச் சான்று.

மாற்றம் தானாக வரவில்லை. 1938-ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றம் குடிமைத் தடைகளை நீக்கும் சட்டத்தை இயற்றியது. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் என்ற ஏற்பாடு கிளர்ச்சிகளுக்குப் பின் 1941-ஆம் ஆண்டில் ஒழிந்தது. 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் பதினைந்தாம் பிரிவில் கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் பெயர் சுட்டி, அங்கே நுழைவதற்குச் சாதியோ சமயமோ தடையாகலாகாது என்று விதித்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் உணவுக்கடைக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்தக் கடையின் வாசல் எத்தனை பேருக்கு மூடியிருந்தது என்பதை எண்ணிப்பார்க்கலாம். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனையும் வகுத்தது.

அதன் பின்னும் பெயர்ப்பலகைகள் இறங்கிவிடவில்லை. 1957-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் முன் பெரியாரின் தொண்டர்கள் மறியல் தொடங்கினார்கள். 'பிராமணாள்' என்ற சொல்லைப் பலகையிலிருந்து நீக்க வேண்டும் என்பதே கோரிக்கை. நாள்தோறும் தொண்டர்கள் வந்தார்கள்; நாள்தோறும் கைதானார்கள். மாதக்கணக்கில் நீண்ட அந்த மறியலுக்குப் பின்னரே சொல் நீங்கியது. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறை சென்றார்கள் என்பதைச் சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் மறக்கலாகாது.

பெயர்ப்பலகை மறைந்தது; குவளை மறையவில்லை. சிற்றூர்க் கடைகளில், குறிப்பாகத் தேநீர்க் கடைகளில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தனிக் குவளை இருந்தது. சில இடங்களில் அது சிரட்டையாக இருந்தது. பலகை மற்றவர்க்கு, தரை இவர்களுக்கு. குடித்த குவளையைத் தாமே கழுவித் தனியே வைத்துவிட்டு, காசையும் தொடாமல் வைத்துச் செல்ல வேண்டும். 'இரட்டைக் குவளை முறை' என்று பெயர் பெற்ற இந்த இழிவு, சட்டம் வந்து பல்லாண்டுகளான பின்னும் தொடர்ந்தது. முற்றும் ஒழிந்துவிட்டது என்று இன்றும் உறுதி கூறுவதற்கில்லை.

டபரா-தம்ளரையே எடுத்துக்கொள்ளலாம். அழகிய பொருள்தான். தம்ளரின் விளிம்பு வெளிப்புறம் மடிந்திருப்பது, உதடு படாமல் தூக்கிக் குடிப்பதற்கு வசதி. ஒருவர் எச்சில் இன்னொருவர்க்குத் தீட்டு என்ற எண்ணத்துக்கு ஏற்ற கலம் அது. காப்பிக்கடையின் எழிலும் அதன் அச்சமும் ஒரே பித்தளையில் வார்க்கப்பட்டிருந்தன.

இதனினும் கொடிய முரண் ஒன்று உண்டு. இலங்கை மலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காப்பிப் பழம் பறித்த கைகளில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட மக்களின் கைகள். அவர்கள் பறித்து, உலர்த்தி, சுமந்து இறக்கிய கொட்டைதான் வறுபட்டு, அரைபட்டு, நகரத்துக் கடையில் மணம் வீசியது. அந்த மணத்தின் பின்னால் வந்து கதவைத் தட்டிய அவர்தம் உறவினரைக் கடை வெளியே நிறுத்தியது. காப்பியின் கசப்பைப் பாடுகிற கவிஞர் நாக்கின் கசப்போடு நின்றுவிட்டால் பாதியைத்தான் பாடியவராவார்.

இலக்கியம் கண்ட கடை

தமிழ் இலக்கியத்தில் காப்பிக்கடைக்கு அழியாத இடம் தந்தவர் புதுமைப்பித்தன். 1943-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சென்னை நகரில் வந்திறங்கிய கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரை அழைத்துச் செல்லும் முதல் இடம் காப்பி ஹோட்டல். அங்கே கடவுள் காப்பி அருந்தி மகிழ்கிறார். அந்தச் சுவைக்குக் காரணம் இறைவனின் திருவிளையாடல் அன்று, ஹோட்டல்காரர் கலந்த சிக்கரிதான் என்று பிள்ளை தெளிவிக்கிறார். பிறகு 'பில்' வருகிறது. கடவுளும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

நகைச்சுவைக்காகவே அந்தக் காட்சி நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதற்குள் ஒரு கூரிய சிந்தனை இருக்கிறது. கோயிலில் கடவுளுக்குத் தனியிடம். காப்பி ஹோட்டலில் அவர் இன்னொரு வாடிக்கைக்காரர். வந்தவர் யாரென்று அங்கே யாரும் கேட்கவில்லை. கடையின் வாக்குறுதியை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை அரிது. கடவுள் தடையின்றி நுழைந்த அந்த வாசலில் மனிதர் சிலர் அன்று நுழைய முடியவில்லை என்பதையும் இன்றைய வாசகர் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தச் சேர்த்துப் படித்தலை 1990-களின் தலித் இலக்கியம் கட்டாயமாக்கியது. பாமாவின் 'கருக்கு' 1992-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஊர் முதியவர் ஒருவர் கடையில் வாங்கிய பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். பார்க்கும் சிறுமிக்கு முதலில் சிரிப்பு வருகிறது. அவர் தொட்டால் உண்பவர்க்குத் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்குகிறார் என்று அண்ணன் விளக்கிய பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. கடையிலிருந்து வீடு வரையிலான ஒரு சிறு தூரத்தில் ஒரு சமூகத்தின் முழு வரலாற்றையும் அந்தப் பக்கங்கள் சுமக்கின்றன. புதுமைப்பித்தன் கடையின் உள்ளிருந்து எழுதினார். பாமா வாசலுக்கு வெளியிலிருந்து எழுதினார். இரண்டும் சேர்ந்தால்தான் கடை முழுமையாகத் தெரியும்.

இன்னொரு விடுபாடும் உண்டு. தெருமுனைப் பலகை நெடுங்காலம் ஆண்களின் பலகை. பெண்கள் தூக்குவாளியோடு வந்து, ஓரமாக நின்று வாங்கிச் சென்றார்கள். பெரிய விடுதிகளில் 'குடும்பத்தினருக்கு' என்று தடுப்பு மறைத்த அறை இருந்தது. வீட்டில் விடியலில் எழுந்து காப்பி வடித்தவர் பெண்; அதைக் குடித்துவிட்டு, கடைக்குப் போய் இரண்டாவது காப்பியுடன் உலகைப் பேசியவர் ஆண். பெண்களுக்கு அப்படியொரு பலகை தெருவில் இல்லாதிருந்ததால் இலக்கியம் எத்தனை உரையாடல்களை இழந்ததென்று கணக்கிட வழியில்லை.

இன்றைய பலகை

காலம் மாறியிருக்கிறது. 1996-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய குளிரூட்டிய காப்பியகம் ஒன்றின் வழியில், மென்னிருக்கைகளும் விலை மிகுந்த குவளைகளும் உள்ள கடைகள் நகரங்களில் பெருகின. அங்கே சாதி கேட்கப்படுவதில்லை. விலைப்பட்டியலே பாதிப் பேரை வாசலில் நிறுத்திவிடுகிறது. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இளம்பெண்கள் தனியே வந்தமர்ந்து புத்தகம் படிக்கவும் கவிதை எழுதவும் அங்கே முடிகிறது. பழைய பலகை அவர்களுக்குத் தராததை இந்த இருக்கை தந்திருக்கிறது. நெடுஞ்சாலையோரங்களில் கும்பகோணத்தின் பெயரைத் தாங்கிய கடைகள் பித்தளை டபராவை மீண்டும் கொண்டுவந்தன. கலம் திரும்பிவிட்டது, ஆனால் பேருந்து புறப்படும் அவசரத்தில் அங்கே உரையாடல் திரும்பவில்லை.

தெருமுனைக் கடைகளிலும் கண்ணாடிக் குவளை குறைந்து காகிதக் குவளை மிகுந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருந்தும், அவை கண்ணில் படாத தெரு இல்லை. குடித்துவிட்டு எறியப்படும் குவளையில் எச்சில் பற்றிய அச்சமும் எறியப்படுகிறது என்று சிலர் மகிழலாம். ஆனால் அந்த மகிழ்ச்சி அவசரப்பட்டது. எல்லார்க்கும் காகிதம் கொடுத்தால், 'உன் குவளையில் இன்னொருவர் குடிக்கலாமா' என்ற கேள்வி விடை பெறாமலேயே மறைந்துவிடுகிறது. சிலர்க்கு மட்டும் காகிதமும் மற்றவர்க்குக் கண்ணாடியும் கொடுக்கப்படும் இடங்களில் பழைய இரட்டைக் குவளை புது உடை அணிந்திருக்கிறது. கழுவிய ஒரே கண்ணாடிக் குவளை, இப்போது ஒருவர் உதட்டிலும் சற்று நேரத்தில் இன்னொருவர் உதட்டிலும் படுவதே கடையின் உண்மையான அறம். அது சோப்பும் வெந்நீரும் காக்கும் தூய்மை. பிறப்பு காக்கும் தூய்மை அன்று.

கவிஞர் பெருமக்களே, காப்பிக்கடையின் பெருமை அதன் சுவையில் மட்டும் இல்லை. அதன் பலகையில் இருக்கிறது. யாரென்று கேளாமல் ஒருவரை அமரவிடும் பலகை அது. அந்தப் பலகை தானாக நீளவில்லை. மறியல் செய்து சிறை சென்றவர்களும், அடி வாங்கியும் உள்ளே வந்து அமர்ந்தவர்களும், தம் அவமானத்தை மறைக்காமல் எழுதியவர்களும் சேர்ந்து அதை நீட்டினார்கள். இன்னும் நீள வேண்டிய தூரம் இருக்கிறது.

இலக்கிய வட்டத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வட்டம் என்பது கோடு. கோடு என்றால் உள்ளும் உண்டு, புறமும் உண்டு. பத்தாண்டு நிறைந்த ஒரு வட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை மலர் வெளிவந்தது என்பதன்று. பழகிய முகங்கள் நிறைந்த அறையின் வாசலில், முதற் கவிதையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அல்லது கைப்பையில் ஒளித்துக்கொண்டு, யாரையும் அறியாத ஒருவர் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது? 'யார் அனுப்பினார்கள், எந்த ஊர், யாருடைய மாணவர்' என்று கேள்விகள் எழுகின்றனவா? அல்லது முதலில் ஒரு குவளை காப்பி வருகிறதா?

தெருமுனைக் கடையில் அந்தக் கேள்விக்கு விடை நெடுநாளாக இருக்கிறது. பலகை நிறைந்திருக்கும். புதிதாக ஒருவர் குவளையோடு நின்றுகொண்டிருப்பார். உட்கார்ந்திருப்பவர்களில் யாரோ ஒருவர், நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்பார். நால்வர் சற்றே நகர்வார்கள். ஐந்தாமவர்க்கு இடம் உண்டாகிவிடும்.

அந்தச் சிறு நகர்வு இந்த வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளிலும் நிகழ்ந்துகொண்டே இருப்பதாக.